பங்காளிகள் உலாவும் பள்ளம்

சுலபமான பாதை, குடும்பத்தோடு நடக்கலாம். அமெரிக்காவில் பழைய போர்க்களங்களைப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே போகிறவர்களுக்குச் சொல்லப்படுகிற முதல் சேதி இதுதான். ஏற்ற இறக்கம் அதிகம் கிடையாது. கைக்குழந்தை இருந்தாலும் பரவாயில்லை. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகலாம். புறப்பட்ட இடத்துக்கே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடலாம். வழியில் பீரங்கி இருக்கும், கல்தூண் இருக்கும், நின்று படிக்கப் பலகை இருக்கும். பீரங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்ளும். பிறகு மர நிழலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியதுதான். அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளும் சனி ஞாயிறில் இப்படி நடந்துவிட்டுப் படம் அனுப்புகிறார்கள். நல்ல பச்சைப் புல். பார்க்கக் குளுகுளுவென்று இருக்கிறது.

எனக்கு இரண்டு வார்த்தை இடிக்கிறது. ஒன்று சுலபம். இன்னொன்று குடும்பம். யாருக்குச் சுலபம்? எந்தக் குடும்பத்துக்கு? ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். பொத்தாம்பொதுவாக அமெரிக்கா, நிறவெறி என்று பேசிக்கொண்டே போனால் அது வெறும் கோஷமாகிவிடும்.

வர்ஜீனியா மாநிலத்தில் பீட்டர்ஸ்பர்க் என்று ஒரு ஊர். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்கு ரிச்மண்ட் தலைநகரம். அதற்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் பீட்டர்ஸ்பர்க். ரிச்மண்டுக்குத் தானியமும் ஆயுதமும் போன ரயில் பாதைகள் இங்கேதான் கூடின. 1864 ஜூனிலிருந்து 1865 ஏப்ரல் வரை வடக்குப் படை இந்த ஊரை முற்றுகையிட்டுக் கிடந்தது. 1926இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு இந்தக் களத்தைத் தேசிய இராணுவப் பூங்காவாக்கியது. கார் போகிற சாலை ஒன்று. அதிலிருந்து பிரிந்து காலால் சுற்றிவரும் பாதைகள் பல. சாலையின் கடைசியில் ஒரு பள்ளம். ஓரம் சரிந்து, புல் மூடி, தூர்ந்துபோன ஊருணி மாதிரி இருக்கிறது. அதைச் சுற்றி நடக்க ரொம்ப நேரம் ஆகாது. பள்ளத்துக்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மேட்டைப் பார்க்கலாம்.

பாதையின் இரண்டு பக்கமும் புல் போர்த்திய மண்மேடுகள் வருகின்றன. பிள்ளைகள் ஓடி ஏறிச் சறுக்கத் தோன்றும் மேடுகள். 1862இல் தொடங்கி, சார்லஸ் டிம்மக் என்ற பொறியாளரின் மேற்பார்வையில், ஊரைச் சுற்றி 10 மைல் நீளத்துக்கு மண் அரண் எழுப்பினார்கள். 55 பீரங்கி மேடைகள். வரலாற்றில் இதற்குப் பெயர் டிம்மக் அரண். டிம்மக் ஒரு கூடை மண் தூக்கினானா? தூக்கியவர்கள் அடிமைகளும், அடிமையில்லாவிட்டாலும் பிடித்து வரப்பட்ட கறுப்பர்களும். அன்றைக்கு அந்த ஊர் ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பர்கள். தன்னை அடிமையாகவே வைத்திருப்பதற்காகச் சண்டை போடும் எஜமானுக்கு, தன் கையாலேயே அரண் கட்டிக் கொடுக்க வேண்டும். கூலி வாங்குகிறவனும் எஜமான்தான். ஏரி வெட்டினவன் ஒருவன், ஏரிக்குப் பேர் இன்னொருவன் பேரில் என்பது நமக்கு ஒன்றும் புதுசில்லை. ஆனால் இங்கே இன்னும் ஒருபடி மேலே. 1864 ஜூன் 15 அன்று அந்த அரணின் ஒரு பகுதியை ஓடி ஏறிப் பிடித்தவர்களும் கறுப்பர்கள்தான். வடக்குப் படையில் சேர்ந்திருந்த கறுப்பர் படைப்பிரிவு, காலையில் ஒரு பண்ணையில் எதிரியின் பீரங்கியைக் கைப்பற்றி, அந்தி சாயும்போது அரணின் பீரங்கி மேடைகள் சிலவற்றையும் பிடித்தது. தங்கள் ஜனம் கட்டின சுவரில் தங்கள் ஜனமே ஏறியது. இப்பேர்ப்பட்ட ஒரு காட்சி வெள்ளைக்காரனுக்கு வாய்த்திருந்தால் அதற்கு எத்தனை சிலை, எத்தனை சினிமா வந்திருக்கும்!

அந்த நாட்டின் உள்நாட்டுப் போரைப் பற்றி அங்கே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த கதை ஒன்று இருக்கிறது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நின்று அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் வீரர்கள். இரண்டு பேரும் தங்களுக்கு நியாயம் என்று பட்டதற்காகச் செத்தார்கள். பிறகு கண்ணீர் விட்டுக் கட்டிக்கொண்டார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், பங்காளிச் சண்டை. பங்காளிச் சண்டையில் வரப்பு யாருக்கு என்பதுதான் வழக்கு. வரப்பு வெட்டினவனைப் பற்றிப் பேச்சே வராது. சமாதானம் ஆகிற அன்றைக்கு வீட்டுக்குள் விருந்து நடக்கும், பண்ணையாள் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருப்பான். அமெரிக்கக் கதையில் விசேஷம் என்னவென்றால், பாகம் பிரிக்க வேண்டிய சொத்தே அந்தப் பண்ணையாள்தான். சண்டை அவனை வைத்து. கதையில் மட்டும் அவன் இல்லை.

1913 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஐம்பதாவது ஆண்டுக் கூடல் நடந்தது. 50,000 பேருக்கு மேல் பழைய சிப்பாய்கள் வந்தார்கள். இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டன. ஜனாதிபதி உட்ரோ வில்சன் வந்து, பழைய சண்டை மறந்துபோய்விட்டது என்ற தோரணையில் பேசிவிட்டுப் போனார். யாருக்கு மறந்துபோய்விட்டது? அதே 1913இல், அதே வில்சன் ஆட்சியில்தான், மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பருக்குத் தனி மேசை, தனிக் கழிப்பறை என்று பிரித்து வைக்க ஆரம்பித்தார்கள். பங்காளிகள் ஒன்று கூடுவதும் பண்ணையாளை வாசலுக்கு வெளியே தள்ளுவதும் இரண்டு காரியமல்ல, ஒரே காரியம். கெட்டிஸ்பர்க்கில் தென் கரோலினா மாநிலத்துக்காரர்கள் 1963 ஜூலையில் ஒரு கல் நாட்டினார்கள். எங்கள் ஆட்கள் மாநில உரிமை என்ற புனிதக் கொள்கைக்காக நின்றவர்கள் என்ற பொருள்பட அதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாநில உரிமை, சரி. எதைச் செய்யும் உரிமை? அந்தக் கல் நின்று எட்டு வாரத்தில், ஆகஸ்ட் 28 அன்று, மார்ட்டின் லூதர் கிங் தலைநகரத்தில் லட்சக்கணக்கானவர்கள் முன்னால் நின்று பேசினார். கல் நாட்டியவர்கள் 1863க்காக நாட்டவில்லை, 1963க்காக நாட்டினார்கள்.

இனி பள்ளத்துக்கு வருவோம்.

முற்றுகை இழுத்துக்கொண்டே போனதால், பென்சில்வேனியாவிலிருந்து வந்திருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் படை ஒன்று எதிரி அரணுக்கு அடியில் 500 அடிக்கு மேல் சுரங்கம் தோண்டியது. அதன் முனையில் 8,000 பவுண்டு வெடிமருந்து அடைத்தார்கள். வெடித்ததும் பிளவு வழியாக முதலில் பாய வேண்டியது யார்? ஒன்பது ரெஜிமெண்ட் கொண்ட கறுப்பர் டிவிஷன் என்று தளபதி பர்ன்சைடு முடிவு செய்திருந்தார். கடைசி நேரத்தில், தாக்குதலுக்கு முந்தின நாள், மேலிடத்திலிருந்து உத்தரவு: கறுப்பர்கள் முதலில் போக வேண்டாம். மீட் என்ற தளபதி மாற்றினார், கிராண்ட் ஒப்புக்கொண்டார். தாக்குதல் தோற்றால், அக்கறையில்லாமல் கறுப்பர்களைச் சாகக் கொடுத்தோம் என்று பழி வருமாம். அக்கறையைப் பார்த்தீர்களா! கறுப்பர்களை முதலில் விட்டிருந்தால் ஜெயித்திருப்போம் என்று நம்புவதாகப் பின்னால் கிராண்டே விசாரணைக் குழுவிடம் சொன்னார். கறுப்பர்களுக்குப் பதிலாக யார் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். சீட்டு விழுந்த டிவிஷனின் தளபதி லெட்லி. சண்டை நடந்துகொண்டிருந்தபோது அவர் பின்னால் பதுங்குகுழியில் ரம் குடித்துக்கொண்டிருந்தார். கறுப்பர் டிவிஷனின் வெள்ளைத் தளபதி ஃபெரேரோவும் அதே குழியில், அதே பாட்டிலோடு.

1864 ஜூலை 30, விடியற்காலை 4.44க்கு வெடித்தது. 170 அடி நீளம், 30 அடி ஆழப் பள்ளம். மேலே இருந்த தெற்கத்திச் சிப்பாய்கள் சுமார் 278 பேர் மண்ணோடு மண்ணாகப் போனார்கள். முதலில் போன வெள்ளைப் படை பள்ளத்தைச் சுற்றிப் போகாமல் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி மாட்டிக்கொண்டது. எல்லாம் குழம்பின பிறகு, மணிக்கணக்கில் காத்திருந்த கறுப்பர்களை அனுப்பினார்கள். அவர்கள் பள்ளத்தைக் கடந்து முன்னேறி எதிரிகளைச் சிறைபிடித்தார்கள். அந்த அன்றைய சண்டைக்காக டெகேட்டர் டார்சி என்ற கறுப்பு சார்ஜெண்டுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. பிறகு மகோன் என்ற தளபதியின் தெற்குப் படை திருப்பித் தாக்கியது.

அப்புறம் நடந்ததற்குச் சண்டை என்று பேரில்லை. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கிய கறுப்பர்களைக் குத்திக் கொன்றார்கள். காயம்பட்டுத் தண்ணீர் கேட்டவர்களைக் கொன்றார்கள். சிறைபிடித்துப் பின்னால் அழைத்துப் போகும் வழியில் கொன்றார்கள். இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை, கறுப்பர்கள் மட்டும் சொன்னதுமில்லை. கொன்றவர்களே வீட்டுக்கு எழுதின கடிதங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லக் கசக்கிறது: கறுப்பர்களோடு சேர்ந்து பிடிபட்டால் தங்களையும் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, கூட இருந்த வடக்கு வெள்ளைச் சிப்பாய்கள் சிலரே கறுப்புத் தோழனைக் குத்தினார்கள் என்றும் சாட்சியம் இருக்கிறது. மறுநாள் கைதிகளை, ஒரு வெள்ளையன் ஒரு கறுப்பன் என்று மாற்றி மாற்றி நிறுத்தி, ஊர்த் தெருவில் ஊர்வலம் விட்டார்கள். கறுப்பனுக்குப் பக்கத்தில் நடக்க வைப்பதுதான் வெள்ளைக் கைதிக்கு அவர்கள் கொடுத்த தண்டனை. உயிர் பிழைத்த கறுப்புக் கைதிகள் சிலரை, போர்க்கைதி என்றுகூட எண்ணாமல், பழைய எஜமானர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வடக்குப் படையின் மொத்தச் சேதம் சுமார் 3,800 பேர். அதில் 1,327 பேர் அந்தக் கறுப்பர் டிவிஷன்.

கறுப்பர்களின் மேல் மட்டும் ஏன் இந்தத் தனி வெறி? எதிரிச் சிப்பாயை எதிரிச் சிப்பாய் கொல்வது வேறு. இது, தன் அடிமை தன் எதிரில் துப்பாக்கியோடு நிற்பதைப் பார்த்துவிட்ட எஜமானின் ஆத்திரம். 1862 டிசம்பரிலேயே அவர்களுடைய ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸ், ஆயுதத்தோடு பிடிபடும் அடிமைகளைப் போர்க்கைதியாக நடத்தாமல் அந்தந்த மாநிலச் சட்டப்படி தண்டிக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று அறிவித்திருந்தார். அடிமைக் கலகத்துக்கு அந்தச் சட்டங்களில் தண்டனை மரணம். சேரிக்காரன் மீசை முறுக்கினான், செருப்புப் போட்டு நடந்தான், எதிர்த்துப் பேசினான் என்று காரணம் சொல்லி ஊரோடு கொளுத்துகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பள்ளத்தில் நடந்தது என்ன ஜாதிக் கோபம் என்று நமக்குப் பேராசிரியர் வந்து விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பள்ளத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். போர் முடிந்த கையோடு நிலத்துக்காரர் காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க விட்டார். 1902இல் வர்ஜீனியா புது அரசியல் சட்டம் எழுதி, வரி, பரீட்சை என்று வளைத்துக் கறுப்பர்களில் பெரும்பாலோரின் ஓட்டைப் பிடுங்கியது. அடுத்த வருஷமே, 1903இல், மகோனின் பழைய சிப்பாய்களைக் கூட்டிவந்து அந்தச் சண்டையை நாடகமாக நடித்துக் காட்டினார்கள். கறுப்புச் சிப்பாய் வேஷத்துக்கு ஆள் தேவைப்படவில்லை. நாடகத்தில் கறுப்பர்களே இல்லை. 1920களில் அங்கே கோல்ஃப் மைதானம் போட்டார்கள். ஆமாம், பந்து அடித்து விளையாடுகிற கோல்ஃப். 1937இல், பூங்காவே அரசின் கைக்கு வந்த பிறகு, மறுபடியும் நாடகம். சுலபமான பாதை என்கிறார்களே, அது மண்வெட்டி கொண்டு மட்டும் சமப்படுத்தப்பட்டதல்ல.

இங்கே ஒரு கிளைக்கதை. கதைப் போக்குக்குக் குறுக்கே நிற்கும், இருந்தாலும் விட மனசில்லை. அந்த மகோன் போருக்குப் பிறகு 1879இல் ஒரு கட்சி ஆரம்பித்தார். கறுப்பர் ஓட்டையும் ஏழை வெள்ளையர் ஓட்டையும் சேர்த்து ஆட்சியைப் பிடித்தார். சாட்டையடிக் கம்பத்தை ஒழித்தார்கள், ஓட்டுக்கான தலைவரியை ஒழித்தார்கள், 1882இல் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் கறுப்பர்களுக்குக் கல்லூரி தொடங்கினார்கள். தன் படை சரணடைந்தவர்களைக் கொன்ற அதே ஆள்! ஓட்டுக்காகத்தான், வேறென்ன, அவரை மகாத்மா ஆக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் விஷயம் அதுவல்ல. கறுப்பர்களோடு கூட்டு வைத்த மறுகணமே, அதுவரை பள்ளத்தின் வீரன் என்று கொண்டாடிய அவருடைய பழைய தோழர்கள், அன்றைக்குச் சண்டையில் இவர் என்ன பெரிதாகச் செய்தார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கொன்றது யாருக்கும் உறுத்தவில்லை. கூட உட்கார்ந்ததுதான் உறுத்தியது. மகோன் செத்து, அவர் கட்சியும் செத்து, ஆபத்தில்லை என்றான பிறகு பள்ளத்தின் ஓரத்தில் அவருக்குக் கல் எழும்பியது.

மகோன் குடியிருந்த வீடு பிற்காலத்தில் ஊர் நூலகமானது. கறுப்பர்கள் அந்த நூலகத்தின் அடித்தளத்துக்குத்தான் போகலாம். 1960இல் வையட் டீ வாக்கர் என்ற கறுப்புப் பாதிரியார் தோழர்களோடு முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். வெள்ளையர் பகுதியில் நின்று ஒரு புத்தகம் கேட்டார். எந்தப் புத்தகம்? தெற்குப் படையின் தலைமைத் தளபதி ராபர்ட் லீயின் வாழ்க்கை வரலாறு. கைது செய்து கொண்டுபோனார்கள். உங்கள் தெய்வத்தின் கதையைப் படிக்கக் கேட்டாலும் தீட்டுத்தான் என்பதை வாய் திறந்து சொல்ல வைத்துவிட்டார் மனுஷன். பாப்பாபட்டி கீரிப்பட்டிக்காரர்களுக்கு மனுத்தாக்கல் என்றால் என்ன என்று நமக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

குடும்பம் என்ற வார்த்தையையும் இங்கே வைத்துப் பாருங்கள். கறுப்பர்கள் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போகலாமா என்பது அந்த மாநிலத்தில் ஒரு கேள்வியாகவே இருந்தது. அதே வர்ஜீனியாவில் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் 1939இல் லூயிஸ் மவுண்டன் என்ற இடத்தை நீக்ரோக்களுக்கு என்று தனியாக ஒதுக்கினார்கள். மலைக்கு மேலும் ஒரு காலனி! இயற்கை எல்லோருக்கும் பொது என்று பேசுகிற சுற்றுச்சூழல் நண்பர்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால், அடிமைக்குக் குடும்பம் ஏது? தாயை ஒரு ஏலத்தில், பிள்ளையை ஒரு ஏலத்தில் விற்றவர்கள் அவர்கள். அந்தக் களத்தில் செத்த கறுப்பர்கள் பலரும் எந்த வம்சப் பெருமைக்காகவும் சாகவில்லை. விற்க முடியாத ஒரு குடும்பம் வேண்டும் என்று செத்தார்கள்.

நம்மவர்களில் சிலர் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள், கோரேகான் பற்றிப் பேசும்போதும் அதையே எடுத்து வீசுகிறார்கள்: வெள்ளைக்காரன் பட்டாளத்தில் கூலிக்குச் சண்டை போட்டது என்ன விடுதலை? கோரேகானில் 1818 ஜனவரி 1 அன்று கம்பெனிப் படையில் நின்று பேஷ்வா படையை எதிர்த்த மகர்கள் அடியாட்களாம். பீட்டர்ஸ்பர்க்கில் செத்த கறுப்பர்கள் வடக்கு முதலாளிகளுக்குப் பலியாடுகளாம். தெரியும் ஐயா. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் கொடுத்தபோது கறுப்பனுக்கு 10 டாலர் என்று சொல்லி, அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்துக்கொண்டார்கள். 1864 ஜூனில்தான் சம்பளத்தைச் சரிசெய்யச் சட்டம் வந்தது. சில கறுப்பு ரெஜிமெண்டுகள் குறைந்த சம்பளத்தை வாங்கவே மாட்டோம் என்று மறுத்து, சம்பளமே இல்லாமல் சண்டை போட்டன. அதைக் கூலிப்படை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? யாருடைய பட்டாளம் என்பது ஒரு கேள்வி. அந்தப் பட்டாளத்தை அவன் எதற்குப் பயன்படுத்தினான் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள், ஒடுக்கப்பட்டவனுக்கு மூளை உண்டு என்று இன்னும் ஒப்புக்கொள்ளாதவர்கள். சுமார் 1,80,000 கறுப்பர்கள் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். எண்ணிப் பார்க்காமலா சேர்ந்தார்கள்?

இந்த விவகாரம் நமக்குத் தூரத்து உறவு என்று நினைக்க வேண்டாம். ஜோதிராவ் புலே 1873இல் தன்னுடைய 'குலாம்கிரி'யை, அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அமெரிக்கக் கறுப்பர் விடுதலையை, சூத்திர அதிசூத்திரர் விடுதலைக்கு முன்மாதிரியாகப் பார்த்த முதல் கண் அது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்கள் ஐ.நா. சபைக்குக் கொடுக்கும் மனுவின் பிரதியைக் கேட்டார். டூபாய்ஸ் யார்? அடிமைகள் பண்ணையை விட்டு வெளியேறி வடக்குப் படையின் பக்கம் வந்ததை ஒரு மாபெரும் பொது வேலைநிறுத்தம் என்று 1935இலேயே எழுதியவர். விடுதலை மேலேயிருந்து லிங்கன் போட்ட பிச்சையல்ல என்று நிறுவியவர். கோரேகான் தூணின் முன்னால் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று போய் நின்றதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் அங்கே காற்று வாங்கப் போகவில்லை.

பூங்காக்காரர்கள் மாறவே இல்லையா என்றால், மாறினார்கள். அதை மறைப்பது நேர்மையல்ல. 1990களின் கடைசியில், ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் என்ற கறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர் முயன்று, போர்க்களப் பூங்காக்களில் அடிமை முறையின் பங்கையும் விளக்க வேண்டும் என்று பட்ஜெட் சட்டத்தில் வாசகம் சேர்க்க வைத்தார். போர்க்களத்தில் தளவாடமும் வியூகமும் மட்டும் பேசினால் போதாதா, அரசியல் எதற்கு என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. பலகைகள் மாறின. கறுப்பர் படைக்கும் கல் வைத்தார்கள். அங்கே இருக்கிற பல ஊழியர்கள் மனசாட்சியோடு விளக்கினார்கள்.

ஆனால் கொடுத்தவன் கையில்தான் பலகை இருக்கிறது. 2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப் ஒரு ஆணை போட்டார். அமெரிக்க வரலாற்றுக்கு உண்மையையும் புத்தித் தெளிவையும் மீட்கிறாராம். அதைத் தொடர்ந்து, தேசியப் பூங்காக்களில் அமெரிக்கர்களை இழிவாகக் காட்டும் தகவல் ஏதாவது கண்ணில் பட்டால் புகார் கொடுங்கள் என்று பார்வையாளர்களையே கேட்டு அறிவிப்பு வைத்தார்கள். குடும்பத்தோடு நடக்க வந்தவன், தன் பிள்ளையின் முகம் வாடிவிட்டது என்று வரலாற்றின் மேல் புகார் கொடுக்கலாம்! அடிமை முறையைச் சொன்னால் அமெரிக்கனுக்கு இழிவு என்றால், அடிமையாக இருந்தவன் அமெரிக்கன் இல்லை என்றுதானே அர்த்தம்? மறுபடியும் பங்காளிகள் மட்டும்தான் குடும்பம்.

பூங்காவின் வேலியை ஒட்டியே ஓர் இராணுவ முகாம் இருக்கிறது. 1917இல் ராபர்ட் லீ பெயரில் தொடங்கியது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2023இல் லீ பெயரை எடுத்துவிட்டு, ஆர்தர் கிரெக், சாரிட்டி ஆடம்ஸ் என்ற இரண்டு கறுப்பு அதிகாரிகள் பெயரைச் சேர்த்து வைத்தார்கள். ஆடம்ஸ் ஒரு பெண். இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல்தான் தாங்கியது. 2025இல் மறுபடியும் ஃபோர்ட் லீ. ஏன் என்று கேட்டால், இது அந்த லீ இல்லையாம்; 1898 யுத்தத்தில் பதக்கம் வாங்கிய ஃபிட்ஸ் லீ என்ற கறுப்புச் சிப்பாயாம்! பழைய எஜமான் பெயரை மீண்டும் கூப்பிட ஆசை, அதற்கு ஒரு கறுப்பனையே முக்காடாகப் போட்டுக்கொண்டார்கள். ஃபிட்ஸ் லீ உண்மையில் வீரர்தான். அவருக்கு நேர்ந்த அவமானம் இது. நம் தலைவர்கள் படத்தை மேடையில் மாட்டிவிட்டு, பின்னால் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த சூட்சுமம் பிடிபடும்.

ஆகவே பலகையில் நமக்கும் ஒரு பத்தி கொடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோரேகானில் பலகைகூட வேண்டாம், தூணில் செதுக்கின பெயர்களே சாட்சி. 'நாக்' என்று முடிகிற மகர் பெயர்கள். அந்த இடத்தின் இருநூறாவது ஆண்டில், 2018 ஜனவரி 1 அன்று, கூடிய தலித்துகள் தாக்கப்பட்டார்கள். அந்த வழக்கின் பெயரில் எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் என்று 16 பேரை ஊபா சட்டத்தில் உள்ளே போட்டார்கள். அதில் ஒருவர் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி. 84 வயதில், பிணை கிடைக்காமல், 2021 ஜூலை 5 அன்று காவலில் இருக்கும்போதே செத்துப்போனார். நினைவுச் சின்னம் என்பது நம் ஜனத்துக்குச் சுலபமான பாதையாக இருந்ததே இல்லை. அதனால்தான் நம் தியாகிகளுக்கு மணிமண்டபம் கட்டித் தருகிறோம், பூங்கா அமைத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால், சறுக்குமரமும் நீரூற்றும் எங்கே வரும் என்று கேட்பதற்கு முன், கொன்றவன் பெயர் எந்தக் கல்லில் வரும் என்று கேட்க வேண்டும். கொல்லப்பட்டவர் பட்டியல் மட்டும் வைத்து, கொன்றவனை 'சம்பவம்' என்ற சொல்லுக்குள் ஒளித்துவைக்கும் கல்வெட்டு நமக்கு எதற்கு?

அமெரிக்காவில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீட்டர்ஸ்பர்க்குக்குப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் பள்ளத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அதே பூங்கா நிர்வாகத்தின் கீழ் ஊருக்கு வெளியே பாப்ளர் குரோவ் என்று வடக்குச் சிப்பாய்களின் இடுகாடு இருக்கிறது. 6,000 பேருக்கு மேல் கிடக்கிறார்கள். பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். கறுப்புச் சிப்பாய்களின் கல்லில் அவர்களுடைய படையின் எழுத்துகள் பொறித்திருக்கும். தேடி, இருக்கிற பெயர்களைச் சத்தமாகப் படியுங்கள். 1934இல் அந்தக் கல்லறைக் கற்களைப் பராமரிப்புச் செலவைக் குறைப்பதற்காக அடியோடு அறுத்து, மேல்பாதியைத் தரையில் படுக்கப் போட்டார்கள். 2017 வாக்கில்தான் மறுபடி நிமிர்ந்த கற்கள் வைத்தார்கள். அறுத்த கீழ்ப்பாதிகள் 2,200ஐ ஒருவர் 45 டாலருக்கு வாங்கிப்போய் ஊருக்குள் வீடு கட்டிக்கொண்டார். சுவருக்குப் போக மீந்ததை வாசலில் நடைபாதையாகப் பதித்தார். அந்த வீடு இன்னும் இருக்கிறது. அதையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அப்புறம் பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.